கிரிக்கெட் ஆடிய நிலத்தில் கடலை காய்க்கவில்லையே!

கேள்வி: ‘‘எங்களுடையது மானாவாரி செம்மண் நிலம், 2 ஏக்கர். கோடையில் ஊர்ப் பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். இந்த வருடம் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி பிட்ச் போட்டார்கள். போட்டி நடந்த அன்று மழை. ஈர நிலத்திலேயே வேன், பைக் எல்லாம் நின்றன. ஆடியில் விதைத்த நிலக்கடலை அந்த இடங்களில் மட்டும் காய் பிடிக்கவில்லை. பிள்ளைகளை விரட்டவும் மனமில்லை. என்ன செய்யலாம்?’’

- வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்.

பதில்: ‘‘மண் இறுகியதுதான் காரணம். நல்ல மண்ணில் ஏறத்தாழ பாதி, காற்றும் நீரும் தங்கும் துளைகள். மிதியும் சக்கரமும் அந்தத் துளைகளை அமுக்கிவிடும். பிறகு மழைநீர் இறங்காது, வேருக்குக் காற்று கிடைக்காது. நிலக்கடலையில் விழுது மண்ணுக்குள் இறங்கினால்தான் காய். இறுகிய மண்ணில் விழுது இறங்க வழியில்லை. காய்ந்த மண் ஓரளவு பாரம் தாங்கும். ஈர மண்தான் அதிகம் இறுகும். உங்கள் நிலத்தில் உருளையும் வேனும் ஈரத்தில்தான் ஏறியிருக்கின்றன.

நல்ல மழைக்கு இரண்டு நாள் கழித்து, ஒரு கூரான கம்பியை ஆடிய இடத்திலும் வரப்போரத்திலும் குத்திப் பாருங்கள். கம்பி எங்கே தடைபடுகிறதோ, அங்கே இறுக்கம்.

வெறும் கால்மிதி பட்ட இடத்தில் மேல்மண்தான் இறுகியிருக்கும். தொழுவுரம் போட்டு வழக்கமான கோடை உழவு செய்தால் போதும்.

பிட்ச் 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் என்றால் ஒன்றரை சென்ட்தான். கடப்பாரையால் பெயர்த்து, 150 கிலோ தொழுவுரம் கலந்துவிடுங்கள்.

வண்டி நின்ற இடத்துக்கு உளிக்கலப்பை வேண்டும். ஈரம் வடிந்து மண் உதிரும் பக்குவத்தில், ஒன்றரை அடி இடைவெளியில், ஒன்றரை அடி ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் உழுங்கள். சேற்று ஈரத்தில் உழுதால் பலனில்லை. கலப்பை வாடகைக்குக் கிடைக்குமா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். பிறகு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்ற கணக்கில் இடுங்கள். அடுத்த கோடை மழையில் சணப்பு விதைத்து, பூக்கும்போது, சுமார் 45 நாளில், மடக்கி உழுதுவிடுங்கள். ஒரே போகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த ஒரு கோடை மட்டும் நிலத்துக்கு ஓய்வு கொடுங்கள். அதன்பின் பிள்ளைகள் தாராளமாக ஆடட்டும், மூன்று நிபந்தனைகளோடு: உருளையும் தண்ணீரும் கூடாது, மழை பெய்தால் நிலம் காயும்வரை ஆட்டமில்லை, வண்டிகள் வரப்புக்கு வெளியே நிற்க வேண்டும். காய் இல்லாத செடி ஒன்றைப் பிடுங்கி அவர்கள் கையில் கொடுத்துச் சொல்லுங்கள். விவசாய வீட்டுப் பிள்ளைகள், புரிந்துகொள்வார்கள்.’’