டார்க் சோல்ஸ் பிசி-க்கு வந்த கதை: திட்டினோம் சரி, ஆனா எதுக்குத் திட்டியிருக்கணும்?

வழக்கமா சுகர், பிபி, நாய்க்கடி ஊசின்னு எழுதுற இடம் இது. இன்னிக்கு அதுக்கெல்லாம் லீவு. ஒரு பழைய வீடியோ கேம் பத்தி நீளமான த்ரெட். விளையாடாதவங்களுக்கும் புரியற மாதிரிதான் எழுதறேன், தைரியமா வாங்க.

நேத்து நைட் டூட்டில ஹவுஸ் சர்ஜன் தம்பி ஒருத்தன் கேட்டான். "அண்ணா, டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்டு வாங்கிட்டேன். அதுக்கு முன்னாடி வந்த பிசி வெர்ஷன் சுத்த குப்பைன்னு சொல்றாங்களே, நிஜமா?"

நிஜம்தான் தம்பி, குப்பைதான். ஆனா அந்தக் குப்பை வரலைன்னா இன்னிக்கு உன் லேப்டாப்ல அந்த கேமே இருந்திருக்காதுன்னு சொன்னேன். அவன் நம்பலை. அதான் இங்க எழுதறேன்.

தெரியாதவங்களுக்காக: டார்க் சோல்ஸ் ஜப்பானோட ஃப்ரம்சாஃப்ட்வேர் பண்ணின கேம். இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி. 2011-ல வந்துச்சு. பாழடைஞ்ச கோட்டை, டிராகன், அணையப் போற நெருப்பு. நீங்க ஒரு சபிக்கப்பட்ட ஆள், செத்துச் செத்து எழுந்திரிச்சு முன்னேறணும். வந்தப்போ பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ரெண்டுல மட்டும்தான் விளையாட முடியும்.

நம்ம ஊர்ல அப்போ கன்சோல் இருந்த வீடு எத்தனை? "படிக்கறதுக்கு"ன்னு அப்பாகிட்ட சொல்லி வாங்கின கம்ப்யூட்டர்தான் எங்க தலைமுறைக்கு எல்லாமே. ஒரு கேம் பிசி-க்கு வரலைன்னா எங்களைப் பொறுத்தவரை அது வரவே இல்லை.

2012 ஆரம்பத்துல ரசிகர்கள் ஒரு மனு போட்டாங்க. இதை பிசி-க்குக் கொண்டு வாங்கன்னு 90 ஆயிரம் பேருக்கு மேல கையெழுத்து. வெளியீட்டாளர் நாம்கோ பண்டாய் அதைக் கவனிச்சு, ஏப்ரல்ல அறிவிப்பு, ஆகஸ்ட் 24-ல "பிரிபேர் டு டை எடிஷன்"ங்கற பேர்ல ரிலீஸ். கன்சோல்காரங்களுக்கு அக்டோபர்லதான் கிடைச்ச ஆர்டோரியாஸ் பகுதி இதுல முன்னாடியே இருந்துச்சு. அது பெரிய விஷயம்.

ரிலீசுக்கு முன்னாடியே தயாரிப்புத் தரப்பு வெளிப்படையா சொன்னாங்க: எங்களுக்கு பிசி அனுபவம் கம்மி, கன்சோல்ல இருக்கறதை அப்படியே கொண்டு வர்றதுதான் திட்டம்னு. நாம யாரும் அதைக் காதுல வாங்கலை.

வந்ததும் திறந்து பார்த்தா, கேம் உள்ளுக்குள்ள படம் வரையற அளவு 1024×720. உங்க மானிட்டர் 1920×1080-ன்னு வைங்க. அதுக்குச் சுமார் 20.7 லட்சம் புள்ளி வேணும், கேம் குடுக்கறது 7.4 லட்சம். மீதிய இழுத்து நிரப்பிடும். செட்டிங்ல ரெசல்யூஷனை எவ்வளவு ஏத்தினாலும் உள்ளே வரையறது மாறாது. தண்ணி கலந்த பாலை பெரிய டம்ளர்ல ஊத்தின கதைதான்.

இன்னும் இருக்கு. நொடிக்கு 30 ஃப்ரேம்ல பூட்டு. மவுஸ்ல கேமராவைத் திருப்பறது தலைவலி. கீபோர்டு வெச்சு விளையாடறவனுக்கும் எக்ஸ்பாக்ஸ் பட்டன் படம்தான் திரையில வரும். இதுக்கு மேல "கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்"னு மைக்ரோசாஃப்டோட ஒரு லாகின் தொல்லை. அதை எடுக்கச் சொல்லி ரசிகர்கள் தனியா இன்னொரு மனுவே போட்டாங்க.

அப்போ வந்தார் டுராண்டே. அந்தப் பேர்ல எழுதற ஆஸ்திரியாக்காரர், பேர் பீட்டர் தோமன். ரிலீஸ் அன்னிக்கே, அரை மணி நேரத்துக்குள்ள, டிஎஸ்ஃபிக்ஸ்ங்கற சின்ன ஃபைலை இலவசமா வெளியிட்டார்.

அது என்ன பண்ணுச்சுங்கறது அழகு. கேமோட கோடு அவர் கையில கிடையாது. அதனால கேமுக்கும் கிராபிக்ஸ் டிரைவருக்கும் நடுவுல ஆளை உட்கார வெச்சார். கேம் "1024×720-ல ஒரு கேன்வாஸ் குடு"ன்னு கேட்டா, நடுவுல இருக்கற ஆள் கமுக்கமா பெரிய கேன்வாஸை எடுத்துக் குடுத்துடுவார். கேமுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு வரையும். நீங்க பார்க்கறது பளிச்சுன்னு இருக்கும். நோட்பேட்ல ஒரு எண்ணை மாத்தினா போதும்.

இத்தனை பேர் இருந்த கம்பெனி பண்ணாததை ஒருத்தர் பண்ணிட்டாரேன்னு உலகமே சிரிச்சுது. "சோம்பேறி போர்ட்"ங்கற வார்த்தை அப்போ ஒட்டினது, இன்னும் போகலை. எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. ஏன்னு சொல்றேன்.

கொஞ்ச நாள்ல டிஎஸ்ஃபிக்ஸ் 30 ஃப்ரேம் பூட்டையும் உடைச்சு 60 ஆக்குச்சு. உடனே புதுசா கோளாறு. கதாபாத்திரம் தாவற தூரம் குறைஞ்சுது. ஏணில சறுக்கி இறங்கினா சில இடத்துல தரையைத் துளைச்சுக்கிட்டு கீழே விழுந்து சாவு. காரணம், அந்த கேம்ல பல கணக்கு நேரத்தை வெச்சு ஓடலை, ஃப்ரேமை வெச்சு ஓடுது.

இதை எங்க ஆஸ்பத்திரி பாஷையில சொல்றேன். சலைன் ஏத்தற டிரிப் செட்ல ரெண்டு வகை இருக்கு. சாதா செட்ல 20 சொட்டு சேர்ந்தா 1 மில்லி. குழந்தைங்களுக்குப் போடற மைக்ரோ செட்ல 60 சொட்டு சேர்ந்தாதான் 1 மில்லி. கேஸ் ஷீட்ல "நிமிஷத்துக்கு 20 சொட்டு"ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிட்டா, செட் மாறின உடனே மருந்தோட அளவே மாறிடும். எழுதினவர் சோம்பேறி இல்லை. அவர் வார்டுல ஒரே வகை செட்தான் இருந்துச்சு.

கன்சோலும் அப்படித்தான். ஒரே மெஷின், ஒரே வேகம். 30 ஃப்ரேம்தான் உலகம்னு நம்பி எழுதினா அங்க எந்தத் தப்பும் வெளிய தெரியாது. பிசி-க்கு மாத்தும்போதுதான் ஒவ்வொரு இடமா தோண்டிப் பார்த்து சொட்டுக் கணக்கை மில்லி கணக்கா மாத்தணும். 720-ஐ 1080 ஆக்கறது ஒரு மாலை வேலை. இது மாசக்கணக்கு வேலை.

இதுக்கு இன்னும் நல்ல உதாரணம் டார்க் சோல்ஸ் 2. 2014-ல பிசி-க்கு முறையாவே 60 ஃப்ரேம்ல வந்துச்சு. ஆனா வாள் தேயற வேகம் கன்சோலை விட ரெண்டு மடங்கு. வாள் பிணத்து மேலயோ சுவத்து மேலயோ படற ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தேய்மானம் கணக்காச்சு. ஃப்ரேம் இரட்டிச்சா தேய்மானமும் இரட்டிச்சுது. இதை அவங்க சரி பண்ணினது 2015-ல. ரசிகர்கள் ஒரு வருஷமா கத்தினாங்க.

இங்க கம்பெனியை நான் காப்பாத்த வரலை. ஒரு வருஷம் அநியாயம். இதையே 2018 பிப்ரவரில ஸ்டீமுக்கு வந்த குரோனோ டிரிகரோட ஒப்பிடுங்க. 1995 சூப்பர் ஃபேமிகாம் கேம், ஆனா வந்தது செல்ஃபோன் வெர்ஷனோட வேஷத்துல. ஒரே கூச்சல். ஸ்கொயர் எனிக்ஸ் அந்த வருஷமே வரிசையா பேட்ச் விட்டு தேத்திட்டாங்க. காசு வாங்கினவன் கடமை அதுதான். "ரசிகன் எவனாவது பார்த்துப்பான்"ங்கறதை ஒரு கம்பெனி பட்ஜெட்ல வரவா வெச்சுக்கக் கூடாது.

டுராண்டே கதை நல்லபடியா போச்சு. பிற்பாடு கம்பெனிங்களே கூப்பிட்டு காசு குடுத்து போர்ட் வேலை குடுத்தாங்க. டிரெயில்ஸ் ஆஃப் கோல்டு ஸ்டீல் பிசி வெர்ஷன்ல அவர் வேலை இருக்கு. ஆனா இலவசமா பேட்ச் எழுதற எல்லாருக்கும் அப்படி அமையறதில்லை.

சரி, இப்போ நான் சொல்ல வந்த விஷயம்.

அந்த மோசமான போர்ட்ல எனக்கு ஒரு மரியாதை உண்டு. கதவைத் திறந்து வெச்சாங்க. வெளிய இருந்து ஒருத்தர் நுழைஞ்சு சரி பண்ண முடிஞ்சுது. அதே கம்பெனியோட 2015 பிளட்போர்ன் இன்னிக்கும் அதிகாரபூர்வமா பிளேஸ்டேஷனைத் தாண்டலை, 30 ஃப்ரேம் பூட்டும் போகலை. டீமன்ஸ் சோல்ஸ் 2009-ல பிஎஸ்3-ல வந்த மூல வடிவம் பிசி-க்கு வரவே இல்லை, அதோட சர்வரையும் 2018-ல மூடிட்டாங்க. சுமாரா வந்தது வராததை விட எவ்வளவோ மேல். வந்தவனுக்கு வைத்தியம் பார்க்கலாம்.

என் கோபமெல்லாம் அதுக்கப்புறம் நடந்ததுக்குத்தான். யாரும் பெருசா திட்டாத விஷயம் அது.

2018 மே மாசம் ரீமாஸ்டர்டு வந்துச்சு. 60 ஃப்ரேம், முறையான ரெசல்யூஷன், நல்ல வேலைதான். ஆனா அது வர்றதுக்கு சில வாரம் முன்னாடி ஸ்டீம் கடையிலிருந்து பழைய எடிஷனைத் தூக்கிட்டாங்க. ஏற்கனவே வாங்கினவங்களுக்குப் பாதி விலைத் தள்ளுபடி குடுத்தாங்க, ஒத்துக்கறேன். ஆனா புதுசா ஒருத்தர் பழசை வாங்க வழியே இல்லை.

"நல்லது வந்தாச்சு, பழசு எதுக்கு"ன்னு தம்பி கேட்டான். ரீமாஸ்டர்டுல வெளிச்சம் வேற, நெருப்போட தோற்றம் வேற. ஆறு வருஷமா ரசிகர்கள் பழசுக்கு எழுதின மாட்ல நிறைய இதுல அப்படியே ஓடாது. பழைய கட்டடத்தை வெள்ளை அடிச்சு அழகாக்கலாம். பழைய ஃபோட்டோவையும் சேர்த்து ஏன் எரிக்கணும்?

அப்புறம் 2022 ஜனவரி. சோல்ஸ் கேம்களோட பிசி ஆன்லைன்ல பெரிய பாதுகாப்பு ஓட்டை இருக்கறது வெளிய வந்துச்சு. ஆன்லைன்ல உங்களோட இருக்கற இன்னொரு ஆட்டக்காரர் உங்க கம்ப்யூட்டர்லயே தன் புரோகிராமை ஓட்ட முடியும். சர்வரை நிறுத்தினாங்க. அது சரியான முடிவு, கேள்வியே இல்லை. அந்த வருஷக் கடைசிக்குள்ள மத்ததெல்லாம் ஒண்ணொண்ணா திரும்ப வந்துச்சு. பிரிபேர் டு டை மட்டும் வராதுன்னு சொல்லிட்டாங்க. சிஸ்டம் பழசாயிடுச்சாம்.

இதுல என்ன போச்சுன்னு விளையாடாதவங்களுக்குச் சொல்லணும். இந்த கேம்ல ஆன்லைன்னா சும்மா சண்டை கிடையாது. முகம் தெரியாத யாரோ தரையில "முன்னால பொறி இருக்கு"ன்னு எழுதி வெச்சுட்டுப் போயிருப்பாங்க. ரத்தக்கறையைத் தொட்டா இன்னொருத்தர் எப்படிச் செத்தார்னு நிழலா தெரியும். நெருப்புப் பக்கத்துல வேற உலகத்து ஆட்கள் ஒரு நொடி மங்கலா தெரிஞ்சு மறைவாங்க. அவ்வளவு தனிமையான கேம்ல இந்த ஒண்ணுதான் துணை. பழைய எடிஷன்ல இப்போ அது இல்லை. கேம் ஓடும், ஆனா ஊர் காலி.

90 ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்டு வாங்கின எடிஷன் அது. கடையிலயும் இல்லை, சர்வரும் இல்லை. மூடறதுன்னு முடிவு பண்ணினா, ஆட்டக்காரங்களே சொந்தமா சர்வர் வெச்சுக்க அனுமதியாவது குடுங்கன்னு கேக்கறது பேராசையா? பழசை பத்து ரூபாய்க்காவது கடையில வெச்சிருக்கலாமே.

1024×720-க்கு அத்தனை மீம் போட்டோம். இதுக்கு ஒரு மீம் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

பழைய எடிஷனை அப்போவே வாங்கினவங்க கவனத்துக்கு: உங்க ஸ்டீம் லைப்ரரில அது இன்னும் இருக்கும், டவுன்லோடும் ஆகும். ஒரு தடவை இறக்கி, டிஎஸ்ஃபிக்ஸோட சேர்த்து ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா வெச்சுக்கங்க. 60 ஃப்ரேம் போட்டீங்கன்னா ஏணில சறுக்காதீங்க, ஒவ்வொரு படியா இறங்குங்க.

தம்பி இப்போ பிளைட்டவுன் சேத்துல விஷம் ஏறி மாட்டிக்கிட்டு இருக்கானாம். கன்சோல்ல அந்த இடத்துல ஃப்ரேம் எப்படித் திணறும்னு அவனுக்குத் தெரியாது. அடுத்த டே ஆஃப்ல வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன், பழசைப் போட்டுக் காட்டறேன்னு.