பாஸ்போர்ட் ஆட்டோமேஷனும் தீப்பெட்டி ஆபீஸும்

"ஐ.டி. பிசினஸ் அனலிஸ்ட் ஆகுங்க. கோடிங் தேவையில்லை. மூணே மாசப் பயிற்சி, வேலை உறுதி." போன தீபாவளி லீவுல இப்படி ஒரு விளம்பரம் போனுக்கு வந்துச்சு. கட்டணம் 45,000 ரூபாய். வீட்ல சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "செயினை வச்சுக் கட்டிரலாம்ப்பா"னு சொன்னாங்க.

எங்க ஊர் தென்காசி மாவட்டம் திருவேங்கடம். அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சியைப் பெட்டியில அடைக்கிற வேலை பார்க்கிறாங்க. வெளியூர் நண்பர்களுக்கு ஒரு தகவல்: எங்க பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்'னுதான் சொல்வோம். அந்த 45,000 ரூபாயை நான் கட்டல. ஏன் கட்டலைனு சொல்லத்தான் இதை எழுதுறேன். நம்ம வகுப்புலயே அஞ்சாறு பேர் இதே மாதிரி விளம்பரத்தைப் பார்த்துட்டு யோசிச்சுக்கிட்டு இருக்கோம்.

முதல்ல, பிசினஸ் அனலிஸ்ட் என்னதான் செய்றார்? ஒரு பக்கம் தொழில் நடத்துறவங்க. "பில்லிங் சரியா வரல, ஏதாவது பண்ணுங்க" என்பதோட அவங்க நிறுத்திக்குவாங்க. இன்னொரு பக்கம் டெவலப்பர்கள். அவங்களுக்கு எந்த ஃபீல்டு, எந்த விதி, எந்த விதிவிலக்குனு துல்லியமா வேணும். ரெண்டுக்கும் நடுவுல நிற்கிறவர்தான் அனலிஸ்ட். இப்ப வேலை எப்படி நடக்குது, எங்க சிக்குது, யாருக்கு என்ன வேணும்னு கேட்டு, ரெண்டு தரப்பும் ஒத்துக்கிற மாதிரி எழுதணும். ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட், யூசர் ஸ்டோரி, புராசஸ் ஃப்ளோ எல்லாமே அப்படி எழுதுறதோட வடிவங்கள்தான். கடைசியில, செஞ்சு வந்த சாஃப்ட்வேர் கேட்டது மாதிரி இருக்கான்னும் அவர்தான் பார்க்கணும்.

யோசிச்சுப் பார்த்தா இதை நாம ஏற்கெனவே படிச்சிருக்கோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்ல சி.எஸ்.இ.க்கு ஆப்ஜெக்ட் ஓரியன்டட் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பேப்பர் இருக்கு. லேப்ல பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், புக் பேங்க், எக்ஸாம் ரிஜிஸ்ட்ரேஷன், ஸ்டாக் மெயின்டெனன்ஸ்னு வரிசையா எக்ஸர்சைஸ். சத்தியமா சொல்லுங்க, யார் யார் சீனியர் ரெக்கார்டைப் பார்க்காம எழுதினோம்? பாஸ்போர்ட் எடுத்த ஒரு மாமாகிட்டயாவது போய், "எங்க லேட்டாச்சு? எந்தச் சான்றிதழுக்குத் திருப்பி அனுப்பினாங்க?"னு கேட்டோமா? தேவைகளைக் கேட்டு அறியிற அந்த முதல் படியைத் தாண்டிக் குதிச்சுட்டு நேரா யூஸ் கேஸ் படம் வரைஞ்சோம். மார்க்கும் வந்துடுச்சு.

நானும் இதே தப்பைத்தான் செஞ்சேன். மூணாம் வருஷ லீவுல, அம்மா வேலை பார்க்கிற ஆபீஸுக்குக் கூலிக் கணக்கு ஆப் ஒண்ணு செஞ்சேன். எத்தனை பெட்டி அடைச்சாங்களோ அதுக்கேத்த கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. இதுல கேட்க என்ன இருக்குனு நினைச்சேன். மூணு வாரம் உட்கார்ந்து செஞ்சுட்டு, கணக்குப்பிள்ளை அண்ணாச்சிகிட்டக் காட்டினேன். பொறுமையாப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது நம்ம ஆபீஸ் கணக்கு இல்லையே"னார்.

அவர் சொன்ன காரணங்களைக் கேளுங்க. அம்மா பாதியில வீட்டுக்குக் கிளம்பினா, மீதியைப் பக்கத்துல இருக்கிற அத்தை அடைச்சு அம்மா பேர்லயே ஒப்படைப்பாங்க. சனிக்கிழமை அவங்களுக்குள்ள தீர்த்துக்குவாங்க. என் ஆப்ல ஒருத்தருக்கு ஒரு ஐ.டி., அவ்வளவுதான். அடுத்து, பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வாங்கின அட்வான்ஸ். நான் வாரா வாரம் ஒரே தொகை பிடிக்கிற மாதிரி எழுதியிருந்தேன். ஆனா, பிள்ளைக்குக் காய்ச்சல்னா அந்த வாரம் பிடிக்க மாட்டார். பேசித்தான் முடிவு பண்ணுவார். மூணாவதுதான் பெரிய விஷயம். "இந்த நோட்டை யார் வேணும்னாலும் புரட்டிப் பார்க்கலாம். உன் ஆப் என் போனுக்குள்ள இருக்கும். நான் என்ன போட்டிருக்கேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோடிங்ல ஒரு பிழை இல்லை. கேட்காம விட்ட மூணு கேள்விதான் மூணு வாரத்தை விழுங்கிடுச்சு.

அண்ணாச்சி இன்னொரு பாடமும் எடுத்தார். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தப்போ கையால செய்ற தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதுக்கு 18 சதவீதம். 2020 ஏப்ரல் 1 முதல் ரெண்டையும் சேர்த்து 12 சதவீதம் ஆக்கினாங்க. அடுத்து, 14 வருஷமா 1 ரூபாயா இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பர் 1-ல் 2 ரூபாய் ஆச்சு. இப்ப நம்ம பில்லிங் சாஃப்ட்வேரை நினைச்சுப் பாருங்க. 5-ங்கிற எண்ணைக் கோடுக்குள்ள நேரா எழுதி வச்சவன் 2020-ல் மாட்டினான். "வரி மாறுமா? எந்தத் தேதியிலிருந்து? பழைய வரியில் வித்த சரக்கு, வரி மாறின பிறகு திரும்பி வந்தா கிரெடிட் நோட் எந்த வரியில் போடணும்?"னு முதல்லயே கேட்டவன் தப்பிச்சான். (பழைய பில்லில் இருந்த வரியில்தான் போடணும்.) இந்தக் கேள்விகளை எந்த வீடியோ பாடமும் நமக்காகக் கேட்டுத் தராது. தொழில் தெரிஞ்சவர் பக்கத்துல உட்கார்ந்தாத்தான் வரும்.

அப்போ சர்டிபிகேட் எல்லாம் வீணா? அப்படிச் சொல்லல. இந்தத் துறைக்கு ஐ.ஐ.பி.ஏ.னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு. 2003-ல் கனடாவுல தொடங்கினது. அவங்களோட பெரிய சான்றிதழான சி.பி.ஏ.பி.க்கு விண்ணப்பிக்கவே 7,500 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறாங்க. அதுக்குக் கீழே இருக்கிற சி.சி.பி.ஏ.க்கு 3,750 மணி நேரம். நம்மைப் போல புதுசா வர்றவங்களுக்கு உள்ளது ஈ.சி.பி.ஏ. அந்த அமைப்பே அனுபவத்தை மணிக்கணக்குல எண்ணுது. விளம்பரம் மூணு மாசத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்லுது. இன்னொண்ணு, படிச்சு முடிச்சதும் நேரா பிசினஸ் அனலிஸ்ட் வேலை கிடைக்கிறது குறைவு. டெஸ்டிங், சப்போர்ட், இம்ப்ளிமென்டேஷன் வேலையில சேர்ந்து, கஸ்டமரோட பேசிப் பழகி, சில வருஷத்துல இந்தப் பக்கம் வர்றவங்கதான் அதிகம். பணம் கட்டுறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சிருக்கணும்.

எக்செல்லும் எஸ்.க்யூ.எல்.லும் கட்டாயம் வேணும். அதை இலவசமாவே கத்துக்கலாம். சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பாடம் என்.பி.டி.இ.எல்.ல ஐ.ஐ.டி. பேராசிரியர்களே நடத்துறாங்க; பரீட்சை எழுதினா மட்டும்தான் கட்டணம். தமிழக அரசோட நான் முதல்வன் திட்டமும் 2022-லிருந்து இருக்கு. இதையெல்லாம் முடிச்சுட்டு, அதுக்கப்புறமும் போதலைனா காசு கட்டிப் படிங்க.

"எல்லாம் சரி, இங்கிலீஷ்?" இதுதான் நம்ம எல்லாருக்கும் உள்ளுக்குள்ள இருக்கிற பயம். எனக்கும் இருக்கு. ஆனா நான் அண்ணாச்சிகிட்டக் கேட்டதைத் தமிழ்ல நோட்டுல எழுதி, அதை இங்கிலீஷ்ல ஒரு பக்கமா மாத்தினப்போ ஒண்ணு புரிஞ்சது. என்ன சொல்லணும்னு தெளிவாத் தெரிஞ்சா, சின்னச் சின்ன வாக்கியமே போதும். அந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு நாலு நாள் ஆச்சு. அந்த நாலு நாள்தான் என்னோட உண்மையான பயிற்சி.

அதனால ரெண்டு வேண்டுகோள். நண்பர்களுக்கு: உங்க ஊர்ல ஒரு இடத்தைப் பிடிங்க. சங்கரன்கோவில்னா ஒரு விசைத்தறிக் கூடம், புளியங்குடினா எலுமிச்சைக் கமிஷன் கடை. ரெண்டு நாள் பக்கத்துல உட்காருங்க. "போன வாரம் எந்தக் கணக்கு தப்பாச்சு?"ன்னு கேளுங்க. ஒரு பக்கம் எழுதி, அவங்ககிட்டயே திரும்ப வாசிச்சுக் காட்டுங்க. அவங்க திருத்துற இடத்தையெல்லாம் குறிச்சு வைங்க. இன்டர்வியூல சொல்ல நம்ம சொந்தக் கதை ஒண்ணு கையில இருக்கும்.

நம்ம துறை ஆசிரியர்களுக்கு: லேப்ல பத்து எக்ஸர்சைஸ்ல ஒண்ணையாவது மாணவர்கள் நேர்ல போய்க் கேட்டு எழுதிட்டு வர அனுமதியுங்க. பாஸ்போர்ட் ஆட்டோமேஷன் ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.

என் ஆப் இப்ப இல்லை. அதுக்குப் பதிலா ஒரே ஒரு எக்செல் ஷீட். அட்வான்ஸ் பிடிக்கிற கட்டத்தை அண்ணாச்சி கையாலதான் நிரப்புவார். சனிக்கிழமை காலையில பிரின்ட் எடுத்துச் சுவத்துல ஒட்டிடுறார். அம்மா போன வாரம் அதுல தன் பேருக்கு நேரா ஒரு தப்பைக் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்காங்க. செயின் கழுத்துலயே இருக்கு.