ஏட்டில் எத்தனை பேர்? ஏற்றத்தில் எத்தனை பேர்?

சேலம் அம்மாபேட்டையிலே தறியோசை கேட்டு வளர்ந்தோர் அறிவர்: புடவை முடிந்த பிறகு அளவுகோலைத் தேடுபவனல்லன் நெசவாளி. நேற்று எவ்வளவு நெய்தோம், இன்று எவ்வளவு ஏறிற்று, இழை எங்கே அறுந்தது என்று அன்றன்றே காண்கிறான். அறுந்ததை அப்போதே முடிகிறான்.

நூலுக்குக் கிடைக்கும் இந்தக் கவனிப்பு, மாற்றுத்திறன் படைத்த மாணவனுக்குக் கிடைக்கிறதா?

2010ஆம் ஆண்டு கலைஞர், 'ஊனமுற்றோர்' எனும் சொல்லை அகற்றி 'மாற்றுத்திறனாளிகள்' எனும் சொல்லை அரியணை ஏற்றினார். சொல் மாறிற்று, வாழ்வும் மாற வேண்டாமா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16ஆம் பிரிவிலே தெளிவாகப் பேசுகிறது: இத்தகைய ஒவ்வொரு மாணவரின் பங்கேற்பையும், கற்றலில் எட்டிய நிலையையும், படிப்பை முடிப்பதையும் கல்விக்கூடங்கள் கண்காணித்து வரவேண்டும். 17ஆம் பிரிவு, ஐந்தாண்டுக்கொரு முறை பள்ளிக் குழந்தைகளிடையே கணக்கெடுக்கச் சொல்கிறது. தலைகளை எண்ணுவது கணக்கு. வளர்ச்சியை அளப்பதன்றோ கல்வி!

"எல்லோருக்கும் ஒரே தேர்வு, தனி அளவு எதற்கு?" என்பர் சிலர். பார்வையற்ற சிறுமியிடம் அச்சடித்த வினாத்தாளை நீட்டிவிட்டுப் பூச்சியம் போட்டால், அந்தப் பூச்சியம் யாருடையது? சிறுமியுடையதா, தாளுடையதா? பிரெயிலில் கேளுங்கள், பிறகு மதிப்பெண் இடுங்கள்! ஜூனில் ஐந்தெழுத்து அறியாத சிறுவன் மார்ச்சில் தன் பெயரைப் படிக்கிறான். மதிப்பெண் பட்டியலில் அவன் தோல்வி. உண்மையில் அவன் ஏறியது மலை!

அதற்காக, 'இவனுக்கு இவ்வளவு போதும்' என்று இலக்கைக் குறுக்கவும் கூடாது. அது இரக்க வேடமிட்ட இழிவு. நேற்றைய தன்னோடும் ஒப்பிட வேண்டும். வகுப்பு எட்டவேண்டிய நிலையோடும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே ஏட்டில் ஏறி, ஆசிரியர் மாறினாலும் பள்ளி மாறினாலும் குழந்தையோடு செல்லவேண்டும். இல்லையேல் ஒவ்வோர் ஆண்டும் அக்குழந்தை முதற்படியிலேயே நிறுத்தப்படும்.

அளப்பவர் யார்? சிறப்பாசிரியர்கள். அவர்கள் ஊதியத்துக்கு வழிசெய்யும் ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதியைத்தான் 2024-25இல் ஒன்றிய அரசு தமிழகத்துக்கு நிறுத்தி வைத்தது. அடித்தது அரசை, அடிபட்டது குழந்தை! டில்லியை இடித்துரைப்போம், நம் ஊர்ப் பள்ளியைப் பாராதிருப்பதையும் விடுவோம்.

தோழர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அடுத்த கூட்டத்திலே எழுந்து நின்று கேளுங்கள்: "எத்தனை பேர் சேர்ந்தனர் என்பது இருக்கட்டும், சென்ற ஆண்டைவிட எத்தனை பேர் ஏறினர்? ஏறாதவருக்கு என்ன செய்தீர்?"

1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகிய ஊர் சேலம். சமத்துவம் பேசிய அந்த மண்ணில், அறுந்த இழையாக ஒரு குழந்தையும் கிடக்கலாகாது!