உப்பிலும் குளோரின்தான்

தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது நண்பர் கேட்டார்: “தரைவீட்டு நீச்சல் குளத்துக்கு உப்புநீரா, குளோரினா?”

உப்புநீரிலும் குளோரின்தான் இருக்கிறது என்றேன். லிட்டருக்கு 3, 4 கிராம் உப்பு போதும். கடல்நீரில் 35 கிராம். அந்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினை இயந்திரமே தயாரித்துக்கொள்ளும். மற்றதில் நாமே போடவேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு.

தினமும் நீந்துபவர்களுக்கு உப்புநீர் வசதி. ஆனால் இயந்திரத்தின் மின்தகடு சில ஆண்டுகளில் தேயும், மாற்றுவது மலிவல்ல. ஏணியையும் ஓரக் கல்லையும் உப்பு அரிக்கும். நம்மூர் மழையில் குளம் வழிந்தால் உப்பும் கூடவே போய்விடும்!

நண்பரின் குளத்தில் வார இறுதியில் மட்டும் பேரப்பிள்ளைகள் குதிப்பார்கள். குளோரினே போதும் என்றேன்.

“கண் எரியுமே?”

வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் கலப்பதால்தான் பெரும்பாலும் எரிகிறது. குதிக்குமுன் பிள்ளைகளைக் குளிக்கச் சொல்லுங்கள்.