கோபுரம் பிறகு ஆகட்டும்

ஹாம் ரேடியோ உரிமம் கைக்கு வந்ததும் மொட்டைமாடியில் கோபுரம் எழுப்பும் ஆசை பலருக்கு வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், முதல் செலவு செம்புக் கம்பிக்குத்தான். 7.1 மெகாஹெர்ட்சுக்கு அரை அலை டைபோல் ஆன்டெனாவின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். நடுவை ஒரு குழாயில் உயர்த்தி, இரு முனைகளையும் சரித்துக் கட்டினால் போதும். (முனைகள் யார் கைக்கும் எட்டக்கூடாது, ஒலிபரப்பும்போது அங்கே மின்னழுத்தம் அதிகம். மாடியில் துணி உலர்த்துபவர்களிடம் சொல்லிவையுங்கள்.) சென்னையிலிருந்து மதுரையோடு பகலில் பேச இது தாராளம், தாழக் கட்டிய கம்பியிலிருந்து அலை நேர்மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிவிடும். அமெரிக்காவைப் பிடிக்கத்தான் உயரம் வேண்டும். கோபுரம் நட்டே தீருவேன் என்பவர், அது சாய்ந்தால் தெரு மின்கம்பியில் விழுமா என்று முதலில் அளந்து பார்க்கட்டும். மாடித் தளம் தாங்குமா என்பதைப் பொறியாளர் சொல்லட்டும், கடைக்காரர் அல்ல.