எரித்தவளும் கைதட்டியவர்களும்

2019ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் எச்.பீ.ஓ. நிறுவனம் ‘கேம் ஒஃப் துரோன்ஸ்’ என்னும் மிகைக்கற்பனைத் தொலைக்காட்சித் தொடரின் எட்டாம் பருவத்து ஐந்தாம் அங்கத்தை ஒளிபரப்பியது. தலைநகரின் மணிகள் சரணடைவை அறிவித்து ஒலிக்கின்றன. போர் முடிந்துவிட்டது. ஆயினும் அடிமைகளின் விலங்கை உடைத்தவள் எனப் போற்றப்பட்ட டெனேரிஸ், தன் டிராகன்மீது அமர்ந்தவாறே வீதிவீதியாக அந்நகரை எரிக்கிறாள். சாம்பராகுபவர்கள் படைவீரர் மட்டுமல்லர்; தாய்மாரும் குழந்தைகளும் எரிகின்றனர்.

அடுத்த சில நாட்களில் இரசிகர் சினம் ஒரு பேரலையாகத் திரண்டது. திறமையுள்ள எழுத்தாளரைக் கொண்டு எட்டாம் பருவம் முழுவதையும் மீளத் தயாரிக்க வேண்டும் எனக் கோரிய இணையவழி மனுவில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். கதாநாயகி காட்டிக்கொடுக்கப்பட்டாள், பார்வையாளர் ஏமாற்றப்பட்டனர் என்பதே அவர்தம் முறைப்பாட்டின் சாரம். இம்முறைப்பாட்டிலே உண்மை எவ்வளவு, தற்காப்பு எவ்வளவு என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

முதலில் உண்மையை நோக்குவோம். தொடரின் முதல் ஆறு பருவங்கள் ஒவ்வொன்றும் பத்து அங்கங்களைக் கொண்டவை. ஏழாம் பருவம் ஏழு அங்கங்களாகவும் எட்டாம் பருவம் ஆறு அங்கங்களாகவும் சுருங்கின. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மூல நாவல் வரிசையில் ஐந்தாம் நூல் 2011இல் வெளிவந்தது. தொடர் முடியும்வரை ஆறாவது வெளிவரவில்லை. நாவல்களின் துணையின்றிக் கதையை முடிக்க நேர்ந்த தயாரிப்பாளர்களான பெனியொவும் வைஸும் ஒரு மனத்தின் சிதைவை ஓரிரு அங்கங்களுக்குள் திணித்தனர். திருப்பம் எதிர்பாராததாயினும், முன்நிகழ்ந்தவற்றிலிருந்து இன்றியமையாமையால் அல்லது நிகழக்கூடிய தன்மையால் விளைய வேண்டும் என்பது அரிஸ்டோட்டில் காலந்தொட்டு வரும் நியதி. அந்நியதி இங்கு அவசரத்தால் ஊறுபட்டது என்னும் கண்டனம் நியாயமானதே.

ஆனால், இந்த நியாயமான கண்டனத்தின் நிழலிலே நியாயமற்ற கோரிக்கையொன்றும் ஒளிந்துகொண்டது. திருப்பம் விரைந்து வந்தது என்பது ஒரு கூற்று. அது வந்திருக்கவே கூடாது என்பது முற்றிலும் வேறான கூற்று. முன்னையது கலை விமர்சனம். பின்னையது, தான் வழிபட்ட உருவம் களங்கப்படலாகாது என்னும் பக்தனின் பதற்றம்.

சான்றுகள் தொடரிலேயே உள்ளன. 2012இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தில், கார்த் நகரின் வாயிலில் நின்று, தன்னை உள்ளே விடாவிடின் நகரங்களைத் தீக்கிரையாக்கப்போவதாக அவள் அச்சுறுத்துகிறாள். 2014இல், மீரின் நகரில் 163 அடிமைக் குழந்தைகள் அறையப்பட்டதற்குப் பழியாக 163 எசமானர்களை மரத்தில் அறையச் செய்கிறாள். சில அங்கங்கள் கழித்து ஒருவன் அவள்முன் வந்து, அறையப்பட்டோருள் ஒருவரான தன் தந்தை அக்குழந்தைகளின் கொலையை எதிர்த்துப் பேசியவர் என்கிறான். 2015இல், குற்றம் நிறுவப்படாத ஒருவனை டிராகன்களுக்கு இரையாக்குகிறாள். 2017இல், மண்டியிட மறுத்த தந்தையையும் மகனையும் உயிரோடு எரிக்கிறாள். இவை மூலையிலே மறைத்து வைக்கப்பட்ட குறிப்புகளல்ல; பெரும்பாலானவை இசை முழங்க வெற்றிக் காட்சிகளாக அரங்கேற்றப்பட்டவை. அவ்வேளைகளில் எந்த மனுவும் எழவில்லை. மாறாகக் கைதட்டல் எழுந்தது. அவளது பட்டப்பெயர் பெண்குழந்தைகளுக்குச் சூட்டப்பட்டது.

பார்வையாளர் தீயை வெறுக்கவில்லை. அது எவர்மீது பாய வேண்டும் என்பதிலேயே அவர்களுக்குக் கருத்து இருந்தது. எரிபவன் கொடியவனாக இருக்கும்வரை விசாரணை வேண்டப்படவில்லை, அளவு வேண்டப்படவில்லை. கொடியவன் யார் எனத் தீர்மானிக்கும் உரிமையை அவளிடமே விட்டுவிட்டவர்கள், அத்தீர்ப்பு ஒரு நகரம் முழுவதையும் தழுவியபோது மட்டும் ஏமாற்றப்பட்டதாகக் கூறுவது எவ்வாறு பொருந்தும்?

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. 2013இல் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்தின் முடிவில், விடுவிக்கப்பட்ட அடிமைகள் திரளாகக் கூடி அவளைத் தாயென அழைத்துத் தோள்மீது தூக்குகின்றனர். வெண்ணிறத்தவளான ஒருத்தி கருநிற, பழுப்புநிற மக்களின் கரங்களிலே மிதக்கும் அக்காட்சி அப்போதே கண்டனத்துக்குள்ளாயிற்று. விடுதலை என்பது மக்கள் தாமே போராடி ஈட்டுவதன்று, மேலிருந்து ஒருவர் வழங்கும் கொடை என்னும் கருத்தே அதன் அடித்தளம். கொடையாக வந்த விடுதலையைக் கொடுத்தவர் திரும்பப் பெறவும் முடியும். இரசிகர் விடுவித்தவளோடு ஒன்றினர், விடுவிக்கப்பட்டோருடன் ஒன்றவில்லை. அதனால்தான் தலைநகரின் வீதியிலே நின்ற ஏழையின் கண்கொண்டு அவளைக் காண நேர்ந்தபோது அதிர்ந்தனர்.

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதிகாரம் பெற்ற பெண் இறுதியிலே புத்தி பேதலிப்பாள் என்னும் பழைய ஆணாதிக்கக் கதையையே இத்தொடரும் கூறுகிறது என்பர். அவளது தந்தை பித்தர் அரசராகச் சித்திரிக்கப்பட்டமையால், பரம்பரைப் பித்து என்னும் மலிவான விளக்கத்துக்குத் தொடர் இடமளித்தது உண்மையே, அது கண்டிக்கத்தக்கது. ஆயின், பித்து என்னும் சொல் தொடரைத் தாக்கியோருக்கும் காத்தோருக்கும் ஒருங்கே புகலிடமாயிற்று என்பதைக் காண வேண்டும். அவள் பித்துப்பிடித்தவளெனின் முன்னைய தீக்கள் யாவும் தூயனவாகிவிடும். அவற்றுக்குக் கைதட்டிய கரங்களும் தூயனவாகிவிடும். தன் நோக்கம் நல்லதாகையால் தன் வழியும் நல்லதே என்னும் அவளது உறுதி பித்தன்று. நீண்டகாலம் மறுப்பின்றிப் போற்றப்பட்ட அதிகாரத்தின் இயல்பான விளைவு அது. மே 19இல் ஒளிபரப்பான இறுதி அங்கத்தில் டிரியன் என்னும் பாத்திரமே, அவள் சென்றவிடமெல்லாம் தீயோர் மடிந்தனர், அதற்காக அவளைப் போற்றினோம் என்னும் கருத்தை எடுத்துரைக்கிறது. முன்னரே காட்சியாக வளர்த்திருக்க வேண்டியதை உரையாடலாகக் கூற நேர்ந்தது தொடரின் பலவீனம். அதனைக் கேட்டும் கேளாதிருந்தது இரசிகரின் பலவீனம்.

இனி, மீளத் தயாரிக்கும் கோரிக்கை. அது புதியதன்று. ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்ன’னின் துயர முடிவைத் தாங்கமாட்டாத சமூகத்துக்காக, 1681இல் நேஹம் டேட் என்பவர் அந்நாடகத்தை மாற்றி எழுதினார். அதில் லியர் பிழைக்கிறான். கோர்டீலியா மணம் புரிகிறாள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கில மேடையை ஆண்டது அந்த இனிய பொய்தான். 1838இல் மக்ரீடி மூல நாடகத்தை இலண்டன் மேடைக்கு மீட்டபோதே, பார்வையாளர் இழந்திருந்தது எதுவெனத் தெரிந்தது. ‘கேம் ஒஃப் துரோன்ஸ்’ லியருக்கு நிகரானது என்பதன்று வாதம். விரும்பிய முடிவைப் பெறும் பார்வையாளர் தம்மைப் பற்றி எதனையும் அறிவதில்லை என்பதே வாதம். பழுதுபட்ட பண்டத்தைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்பதுபோல ஒரு கதையைத் திருப்பிக் கொடுக்க முனைவோர், தம்மைச் சுவைஞர் நிலையிலிருந்து வாடிக்கையாளர் நிலைக்குத் தாழ்த்திக்கொள்கின்றனர். சந்தா அறவிட்டுக் கதை விற்கும் நிறுவனத்துக்கு அத்தகைய வாடிக்கையாளரைவிட உவப்பானவர் எவருமிலர்.

அவசரமாக எழுதப்பட்ட அங்கங்களைக் கண்டிக்கும் உரிமை எவருக்கும் உண்டு, கண்டிக்கவும் வேண்டும். ஆனால் 163 பேர் அறையப்பட்டபோது கைதட்டியோர், நகரம் எரிந்தபோது எழுப்பிய கேள்வியை அன்றே எழுப்பியிருக்க வேண்டும். மீளத் தயாரிக்கப்பட வேண்டியது எட்டாம் பருவமா, அதற்கு முந்திய பருவங்களை அவர்கள் பார்த்த பார்வையா என்பதற்கு அந்த மனுவிலே விடை இல்லை.