திருவிழாவுக்கு முறை உண்டு. வடிகானுக்கு ஏன் இல்லை?

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், கிரான்குளத்துக்கும் செட்டிபாளையத்துக்கும் இடையில் இருக்கிறது குருக்கள்மடம். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒடுங்கிய மணல்நிலம். இந்த மணலுக்குக் கீழே கிடைக்கும் நல்ல தண்ணீர் மாரி மழை தருவது. மணலில் இறங்கிய மழைநீர் அடியிலுள்ள உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கிணறுகள் தருவது அதைத்தான். ஒரு வளவில் மின்பம்பியால் அளவுமீறி இறைத்தால் உவர் மேலேறும். இன்னொரு வளவில் மலசலகூடக் குழியைத் தவறான இடத்தில் வெட்டினால் பக்கத்து வளவின் குடிநீர் கெடும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரம் இதைக் கண்ணால் கண்டது. கடல்நீர் புகுந்த கிணறுகளைச் சுத்தமாக்கும் ஆவலில் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான். ஆனால் அந்தக் கிணறுகளை ஆராய்ந்த நிலத்தடி நீர் வல்லுநர்கள், அதிகம் இறைப்பதால் உவர் இன்னும் மேலே இழுபடும் என்றும், அடுத்த மழை வந்து மெல்லக் கழுவும்வரை பொறுப்பதே வழி என்றும் எச்சரித்தார்கள். வளவுகளை வேலி பிரிக்கிறது. கீழே கிடக்கும் தண்ணீரை எந்த வேலியும் பிரிக்கவில்லை.

ஊரின் வாழ்க்கைத்தரம் உயரவேண்டுமானால் சனங்கள் ஒன்றுசேர வேண்டும் என்று மேடைதோறும் சொல்கிறோம். கூடவே, எங்கள் சனங்களிடம் ஒற்றுமை இல்லை என்றும் குறைப்படுகிறோம். இந்தக் குற்றச்சாட்டு உண்மையில்லை. ஒரு செத்தவீடு என்றால் யாரும் அழைக்காமலே பந்தல் எழும்பும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்தால் திருக்குளிர்த்திச் சடங்குவரை அந்தந்த ஊரே கோயிலடியில்தான். மட்டக்களப்புக் கோயில்களின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்த்தால், இந்தக் கூட்டு வெறும் பக்தியால் மட்டும் நிற்பதில்லை என்பது தெரியும். இன்ன நாள் திருவிழா இன்ன குடிக்கு, அதாவது இன்ன தாய்வழிக் குலத்துக்கு என்று முறை வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளின் பூசைச் செலவு, சாத்துப்படி, அன்னதானம் எல்லாம் அந்தக் குடியின் பொறுப்பு. நிர்வாகத்துக்கு வண்ணக்கர் இருக்கிறார். தன் முறையில் குறை வந்தால் ஊருக்கு முன்னால் தலைகுனியவேண்டி வரும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். யார், எப்போது, என்ன செய்யவேண்டும் என்பதில் அங்கே மயக்கமே இல்லை.

இந்தத் தெளிவு கோயில் வீதியைத் தாண்டியதும் காணாமற் போகிறது. பிரதான வீதிக்கும் வாவிக்கும் இடையிலுள்ள வடிகான் யாருடைய முறை? தாழ்ந்த வளவை மண் போட்டு உயர்த்தும்போது மழைத்தண்ணீர் எந்த வழியால் ஓடவேண்டும் என்று கேட்கும் பொறுப்பு யாருக்கு? பதில் இல்லை. பதில் இல்லாத இடத்தில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் வேலை நடப்பதில்லை. ஆகவே என் வாதம் இதுதான்: இங்கே குறைந்திருப்பது முறை. கோயிலுக்கு நாங்களே வகுத்துக் காத்துவரும் அந்த ஒழுங்கை, தண்ணீருக்கும் தெருவுக்கும் வாவிக்கும் கொண்டுவந்தால் ஊரின் வாழ்க்கை மாறும்.

அதற்குத்தானே சங்கங்கள் இருக்கின்றன என்று கேட்கலாம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகம், சனசமூக நிலையம், சமுர்த்திக் குழு என்று எங்கள் கிராமங்களில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை வரும் திட்டம் ஒன்றைப் பெற்றுக்கொள்வதற்கு ஒரு பதிவும் முத்திரையும் தேவைப்பட்டதால் பிறந்தவை. திட்டம் முடிந்ததும் கூட்டறிக்கைப் புத்தகத்தோடு அலுமாரிக்குள் போய்விடுகின்றன. சுனாமிக்குப் பின்வந்த ஆண்டுகள் இதை இன்னும் மோசமாக்கின. மானிடவியலாளர் ஜொக் ஸ்டிரட் 2006இல் எழுதிய ஒரு கட்டுரை, இலங்கைக் கரையோரத்தில் நிவாரண அமைப்புகள் பயனாளிகளைத் தேடி ஒன்றோடொன்று போட்டியிட்டதை விவரித்தது. தன் வீட்டு முன்வாசலைக் கூட்டுவதற்கும் நாட்கூலி கிடைத்த காலம் அது. அன்றைக்கு அந்தக் கூலி பசி தீர்த்தது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் சிரமதானம் என்றால் யார் காசு தருவது என்று கேட்கும் பழக்கத்தையும் அது விட்டுப்போனது.

இந்தப் பழக்கத்தை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்கான சான்று எங்களுக்குத் தூரத்தில் இல்லை. அம்பாறையில் கல்லோயா இடதுகரைத் திட்டம் 1980வாக்கில் நாட்டிலேயே மிக மோசமாகச் சீர்குலைந்த நீர்ப்பாசனத் திட்டமாகப் பெயரெடுத்திருந்தது. வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. தலைப்பில் உள்ளவர்கள் கிடைத்த தண்ணீரையெல்லாம் எடுத்துக்கொள்ள, கடைக்கோடி வயல் காய்ந்தது. தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைக்கோடியில் தமிழரும் இருந்தார்கள். நாட்டின் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1981இன் தொடக்கத்தில் இளம் பட்டதாரிகளை அங்கே அனுப்பின. அவர்கள் போனவுடன் தலைவர், செயலாளர் தெரிவு நடத்தவில்லை; யாப்பு எழுதவில்லை. வயல்வெளிகளில் தங்கி, ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் ஒருசில விவசாயிகளை மட்டும் கூட்டி, உங்களால் இப்போது என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். அந்தத் திட்டத்துக்குத் தண்ணீர் தரும் சேனாநாயக்க சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீரே இருந்த அந்த ஆண்டில், விவசாயிகள் கூலியில்லாமல் வாய்க்காலைத் துப்பரவு செய்தார்கள், முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள், மிச்சம் பிடித்ததைக் கீழே விட்டார்கள். வேலை முதலில் நடந்தது. பிரதிநிதியைத் தெரிவுசெய்தது அதற்குப் பிறகு. 1981 நாட்டில் இனக்கலவரம் மூண்ட ஆண்டு என்பதை நினைவில் வைத்தால் இதன் பெறுமதி புரியும். அந்தத் திட்டத்தில் உழைத்த நோர்மன் அப்ஹொஃப் 1992இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் விதத்தை ஆராய்ந்து 2009இல் நோபெல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரொமும் கல்லோயாவை எடுத்துக் காட்டியிருக்கிறார். எங்கள் வாவிக்கரை வயல்களிலேயே இதன் சாயல் உண்டு: பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புக்கும் மாடுகளை அப்புறப்படுத்துவதற்கும் திகதி குறிக்கிறார்கள், அந்த முடிவுக்குச் சட்டத்தின் பலமும் இருக்கிறது. நெல்லுக்குச் செய்வதை மனிதருக்கும் செய்யலாம்.

குருக்கள்மடத்தில் இது எப்படி இருக்கும்? முழு ஊரையும் ஒரு மண்டபத்தில் கூட்டுவதில் தொடங்கவேண்டாம். அங்கே பேசத் தெரிந்த நாலுபேர் பேசுவார்கள், மற்றவர்கள் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். ஒரே ஒழுங்கையில், ஒரே பக்கமாகத் தண்ணீர் வடியும் பதினைந்து இருபது வீடுகள் போதும். அவர்கள் செய்யவேண்டிய முதல் வேலை, கிணறுகளையும் மலசலகூடக் குழிகளையும் மழைநீர் ஓடும் வழியையும் ஒரு தாளில் வரைவது. யாருடைய வேலியடியில் தண்ணீர் மறிபடுகிறது, எந்தக் குழி எந்தக் கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறது என்று அந்தத் தாள் சொல்லிவிடும். பிறகு மாதத்துக்கு ஒரு வீடு அல்லது இரண்டு வீடு என்று முறை வைத்து வடிகானைப் பார்த்துக்கொள்ளலாம். செலவானது நூறு ரூபாயாக இருந்தாலும் ஒழுங்கை முகப்பில் எழுதி ஒட்டவேண்டும். கோயில் கணக்கில் சந்தேகம் வந்த ஊர்களில் திருவிழாவே நின்று, வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதைக் கண்டவர்கள் நாங்கள். கணக்கு மறைந்தால் கூட்டு உடையும் என்பதை விளக்கவேண்டியதில்லை. இந்தக் கூட்டம் எந்த நேரத்தில் நடக்கிறது என்பதும் முக்கியம். மட்டக்களப்பு வழக்கில் குடி தாய்வழியாக வருகிறது, வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. ஆனால் வண்ணக்கர் ஆண், கூட்டத்தில் எழுந்து பேசுபவரும் ஆண். வளவுக்கு உரித்தாளியும் கிணற்றடியில் நாளெல்லாம் நிற்பவளுமான பெண் வர முடியாத நேரத்தில் வைக்கப்படும் கூட்டம், அந்த வளவைப் பற்றி என்ன தீர்மானித்துவிட முடியும்?

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு: வரி கட்டுகிறோம், வடிகான் பிரதேச சபையின் வேலை, சனங்களை மண்வெட்டி எடுக்கச் சொல்வது அரசாங்கத்தைத் தப்பவிடுவதாகாதா? நியாயமான கேள்வி. தன்னார்வத் தொண்டு என்ற பெயரில் அரசின் கடமையை ஏழைகளின் தோளில் ஏற்றும் திட்டங்கள் உலகெங்கும் உண்டு, அவற்றை எதிர்க்கவேண்டும். ஆனால் எங்கள் அண்மைய வரலாற்றைப் பாருங்கள். உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் களுவாஞ்சிக்குடியிலுள்ள எங்கள் பிரதேச சபையில் மக்கள் தெரிவுசெய்த ஒரு உறுப்பினரும் இல்லை. கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்த பிறகு தேர்தலையே காணவில்லை. அந்த இடைவெளியில் மழை காத்திருந்ததா? ஒழுங்கமைந்த ஊரிடம்தான் சபைக்குக் கணக்குக் கேட்கும் வலுவும் இருக்கும். கல்லோயாவில் அதுதான் நடந்தது: தங்கள் பங்கு வேலையைச் செய்துவிட்டு வந்த விவசாயிகளை நீர்ப்பாசனப் பொறியியலாளர்களால் அலட்சியம் செய்ய முடியவில்லை. கையில் வரைபடத்தோடு வரும் இருபது வீடுகளுக்குத் தவிசாளர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். வெளிநாட்டுக்குப் போன இளையவர்களால் ஆள்பலம் குறைந்துவிட்டது என்ற இன்னொரு மறுப்பும் உண்மைதான். ஆனால் அவர்கள் அனுப்பும் காசு கோயில் கோபுரத்துக்கு வந்து சேருகிறது. முறை தெரிந்தால் ஒழுங்கைக்கும் வரும்.

இதைவிட என்னை உறுத்தும் மறுப்பு வேறொன்று. இறுக்கமாகக் கூடும் ஊர் தன் உறவுகளுக்குள் மட்டுமே கூடிவிடாதா? தமிழ்நாட்டின் சுனாமிக் கரையோரத்தை ஆராய்ந்த டானியல் அல்டிரிச் கண்டது இதைத்தான். வலுவான ஊர்ப் பஞ்சாயத்து இருந்த மீனவக் கிராமங்கள் உதவியைச் சீக்கிரம் பெற்று எழுந்து நின்றன. அதே பஞ்சாயத்துகள் தலித் மக்களையும் விதவைகளையும் சிறுபான்மையினரையும் பட்டியலுக்கு வெளியே விட்டன. கூட்டின் பலமே அதன் குற்றமாகவும் ஆனது. அதனால்தான் குடி, சாதி என்ற அலகை விட்டுத் தண்ணீர் வடியும் வழியை அலகாக வைக்கவேண்டும் என்கிறேன். மேட்டு வளவில் ஒரு குடியும் பள்ளத்தில் இன்னொரு குடியும் இருந்தால், இரண்டுக்கும் ஒரே தாள்.

யாரை வெளியே விடுகிறோம் என்ற கேள்வி ஊர் எல்லையிலும் நிற்காது. குருக்கள்மடம் என்ற பெயரைக் கேட்டதும் அயல் முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் பல குடும்பங்களுக்கு நினைவில் எழுவது 1990 ஜூலை. ஹஜ் கடமையை முடித்துத் திரும்பியவர்கள் உட்பட அந்த வீதியால் வந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் கடத்திக் கொன்றார்கள். எலும்புகளையாவது தோண்டி எடுத்து அடக்கம் செய்யவேண்டும் என்ற உறவினர்களின் கோரிக்கை களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்தின் முன் வந்தது. கொக்கட்டிச்சோலையிலும் சத்துருக்கொண்டானிலும் கொல்லப்பட்ட எங்கள் சனங்களுக்கு நீதி கேட்கும் நாம், இந்தக் கோரிக்கைக்கு முதலாவதாகத் துணைநிற்க வேண்டியவர்கள். ஒரு ஊரின் மண்ணில் பிறருடைய பிள்ளைகள் பெயரில்லாமல் கிடக்கும்போது, அந்த ஊர் ஒன்றுசேர்வது தனக்காக மட்டும் என்றால் அதில் பொருளில்லை. நீதியை வடிகான் வேலை ஈடுசெய்யாது, அதற்கு முந்தவும் கூடாது. ஆனால் இரண்டையும் செய்யக்கூடிய ஊர்தான் அயலாரின் முகத்தைப் பார்த்துப் பேசும்.

பேசவேண்டிய அயலாரும் பலர். பாதை என்னும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை. அங்கிருந்து விரிகிறது படுவான்கரையின் வயல்வெளி. கிழக்கே எங்கள் எழுவான்கரையின் வெள்ளமும் மேற்கே படுவான்கரையின் வெள்ளமும் ஒரே வாவியில்தான் சேருகின்றன. மாரி பலத்தால் வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழும். வயல் மூழ்குகிறது, உடனே வெட்டுங்கள் என்பார் விவசாயி. அவசரப்பட்டு வெட்டினால் வாவி வற்றி மீன் போய்விடும் என்பார் மீனவர். கடைசியில் மாவட்டச் செயலகத்தில் கூட்டம் கூடி அதிகாரிகள் முடிவெடுப்பார்கள். முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும் வீட்டுக்காரருக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. ஐப்பசிக்கு முன் குருக்கள்மடத்தில் நாலு ஒழுங்கைகளாவது தங்கள் தாளை வரைந்துவிட்டால், தண்ணீர் எத்தனை நாள் எங்கே நின்றது என்று அளந்து சொல்லக்கூடிய நாலு பேர் அந்த மேசைக்கு வரலாம். அம்பிளாந்துறையிலும் அப்படி நாலு பேர் இருந்தால், வெட்டும் நாளை முதலில் பாதையடியில் பேசிவிட்டு மாவட்டச் செயலகத்துக்குப் போகலாம்.